அடுப்பு எரியாத ஊர்

சுக்காங்குறிச்சியின் மூக்கு கெட்டுப்போய்விட்டது என்று தலைமை அலுவலகம் அங்கிருந்தபடியே முடிவு செய்துவிட்டது. கெடாததைப் போய்ப் பழுது பார்க்கச் சொல்வது எங்கள் துறையில் புதிதல்ல. பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன்.

மூக்கு என்பது நாங்கள் வைத்த பெயர். அரசாணையில் அதற்கு நீளமான பெயர் ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லி முடிப்பதற்குள் புகையே கலைந்துவிடும். ஊருக்கு நடுவில் ஒரு கம்பம், கம்பத்தின் உச்சியில் தேங்காய் அளவில் ஒரு கருவி. காற்றில் வரும் புகையை முகர்ந்து இது விறகு, இது டீசல், இது குப்பை என்று பிரித்துச் சொல்லிவிடும். நாட்டில் உள்ள அத்தனை ஊராட்சிகளிலும் ஒன்று நிற்கிறது. எல்லா மூக்கும் முகர்ந்ததைச் சேர்த்துக் கணக்கிட்டு வருவதுதான் தேச எண். வருஷத்துக்கு ஒருமுறை உலக மாநாட்டில் நம் அமைச்சர் எழுந்து நின்று வாசிக்கிறாரே, அந்த எண்.

முன்பெல்லாம் எத்தனை மின்னடுப்பு கொடுத்தோம், எத்தனை கூரையில் சூரியத் தகடு போட்டோம் என்று பட்டியல் காட்டிக்கொண்டிருந்தார்கள். கொடுத்த அடுப்பில் பாதி பரணில் கிடந்தது. பார்த்தார்கள் மற்ற நாட்டுக்காரர்கள். கொடுத்ததை எண்ணிக் காட்டாதே, வரும் புகையை அளந்து காட்டு என்று சொல்லிவிட்டார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதைக் கேட்டு எனக்குப் புல்லரித்தது. இனி எவனும் பொய் சொல்ல முடியாது என்று நம்பினேன். அந்த வயதில் எதைச் சொன்னாலும் நம்பியிருப்பேன்.

மூக்கு வருஷம் முழுக்க முகர்ந்தாலும் கணக்கில் சேர்வது மாசி மாதத்தில் ஒரே ஒரு வாரம். மழையும் இல்லாத, பெருங்காற்றும் இல்லாத வாரம் என்று வல்லுநர்கள் தேர்ந்தெடுத்தது. அளவை வாரம் என்று பெயர். அந்த வாரத்தில் நாடே நடிக்கும். செங்கல் சூளைகள் மூடிக்கொள்ளும். டீக்கடைக்காரர் எங்கேயோ போட்ட டீயைப் பிளாஸ்கில் கொண்டுவந்து விற்பார். போன வருஷம் ஒரு கிரகப்பிரவேசத்துக்குப் போயிருந்தேன், ஓமகுண்டத்துக்குள் சிவப்பு பல்பு எரிந்துகொண்டிருந்தது. ஐயர் அதற்குள்தான் நெய்யை ஊற்றுவது போல் காட்டிக்கொண்டிருந்தார்.

இத்தனை நடிப்புக்கும் காரணம் இருக்கிறது. அந்த வாரத்து அளவை வைத்துத்தான் ஒவ்வொரு ஊருக்கும் நிறம் கொடுப்பார்கள். பச்சை என்றால் இரவும் பகலும் மின்சாரம். மஞ்சள் என்றால் சாயங்காலம் கொஞ்ச நேரம். சிவப்பைப் பற்றிப் பேசாமல் இருப்பதே நல்லது. காற்றாலையிலும் சூரியத் தகட்டிலும் விளையும் மின்சாரத்தை, புகையைக் கைவிட்ட ஊர்களுக்கு முதலில் கொடுப்போம், அதைப் பார்த்து மற்ற ஊர்கள் திருந்தும் என்பது திட்டம். கேட்கிறபோது நன்றாகத்தான் இருக்கும்.

கிளம்புவதற்கு முன்னால் இயக்குநர் ஜெபசிங் போனில் கூப்பிட்டார்.

"வேணி, அந்த ஊரு வாரம் ஆரம்பிச்சதுலேர்ந்து சைபர் காட்டுது."

"நல்ல விஷயம்தானே சார்?"

"கொஞ்சமா இருந்தா நல்ல விஷயம். சைபர்னா சந்தேகம். ஒரு வீட்டுலகூட விறகு எரியலன்னு சொன்னா எவன் நம்புவான்? உள்ள குளவி கூடு கட்டியிருக்கும். போய்ப் பாரு. கெட்டுப்போயிருந்தா, கெட்டதுன்னு எழுதிடு. போன வருஷ அளவையே போட்டுக்கலாம்."

"போன வருஷம் அவங்க மஞ்சள் சார்."

"அதுக்கு நாம என்னம்மா பண்ண முடியும்?"

இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்வதற்காகவே அவருக்குச் சம்பளம் கொடுக்கிறார்களோ என்று எனக்குப் பல தடவை தோன்றியிருக்கிறது.

சுக்காங்குறிச்சிக்குப் போகிற சாலையின் இரண்டு பக்கமும் காற்றாடிகள். ஊருக்குள்ளும் அவற்றின் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கிறது. அத்தனை மின்சாரமும் ஊரின் தலைக்கு மேலே கம்பியில் ஏறி வேறெங்கோ போய்க்கொண்டிருந்தது. ஊருக்குள் வேறு சத்தமே இல்லை. நல்ல காலை வேளை, ஒரு வீட்டிலும் தாளிக்கிற வாசனை இல்லை. கம்பத்தில் ஏறி மூக்கின் மூடியைக் கழற்றினேன். குளவியும் இல்லை, சிலந்தியும் இல்லை. கைக்கருவியில் சோதனை முறைக்கு மாற்றி, கீழே இறங்கி, ஒரு துண்டு அட்டையைக் கொளுத்தினேன்.

"ஐயையோ, கொளுத்தாதீங்க! யாரும்மா நீங்க? குடியக் கெடுத்திராதீங்க!"

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒருவர் ஓடிவந்தார். ஊராட்சித் தலைவர் பால்வண்ணம். அறுபதை நெருங்கிய ஆள், நாலு நாள் தாடி, கண்ணெல்லாம் சிவந்து கிடந்தது. ஓடிவந்த வேகத்தில் அட்டையைக் காலால் மிதித்து அணைத்துவிட்டார்.

"நான் அளவைத் துறை. பயப்படாதீங்க தலைவரே, சோதனை முறையில வச்சிருக்கேன். இது கணக்குல வராது."

"நெசமாவா?"

"நெசமாத்தான். மூக்கு நல்லாத்தான் இருக்கு. அப்புறம் எப்படி உங்க ஊர்ல புகையே இல்ல?"

மூக்கைப் பழையபடி கணக்கு முறைக்கு மாற்றிக் காட்டினேன். அவர், "வாங்க, காட்டுதேன்" என்று முன்னால் நடந்தார்.

தெருக் கோடியில் ஒரு வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தது. பெண்கள் சுவரோரமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். அழுது முடித்து, அழ இன்னும் தெம்பு வராத முகங்கள். நடுவில் குளிர்பெட்டி. பெட்டியின் பக்கவாட்டில் 'லூர்து குளிர்பெட்டி, எந்நேரமும் அழைக்கலாம்' என்று சிவப்பு எழுத்தில் போன் எண்ணோடு எழுதியிருந்தது. கண்ணாடிக்கு அடியில் ஒரு பெரியவர், நெற்றியில் ஒட்டிய காசோடு படுத்திருந்தார்.

"எங்க அண்ணாச்சி. பெரியப்பா மவன். சொரிமுத்துன்னு பேரு" என்றார் பால்வண்ணம். "வாரம் ஆரம்பிச்ச அன்னைக்கு விடியக்காலம் போயிட்டாரு. மவன் மஸ்கட்ல இருக்கான். வந்துக்கிட்டு இருக்கான். அவன் வந்துதான் எடுக்கணும்."

இப்போது புரிந்தது. சின்ன ஊர். இருக்கிற வீடெல்லாம் பங்காளி வீடு. துட்டி விழுந்தால், பிணம் எடுக்கிறவரை ஒரு வீட்டிலும் அடுப்புப் பற்ற வைக்கமாட்டார்கள். சாப்பாடு சம்பந்தி வீட்டிலிருந்து வரும். சொரிமுத்துவின் மகளைக் கொடுத்திருந்தது பக்கத்து ஊரான வாகைநேரியில். அங்கிருந்துதான் ஊர் முழுவதற்கும் அண்டா அண்டாவாகச் சோறு வந்துகொண்டிருந்தது. போகிற வழியில் வாகைநேரியின் மூக்கை என் கருவியில் பார்த்திருந்தேன். ஏன் இப்படி ஏறிக் கிடக்கிறது என்று யோசித்ததற்கும் பதில் கிடைத்தது.

அளவில் தப்பே இல்லை. ஊரில் உண்மையாகவே புகை இல்லை. உண்மையைச் சொல்லப்போனால் எனக்கு முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஒரு மஞ்சள் ஊர் பச்சைக்குப் போகிறது, எப்படிப் போனால் என்ன என்று நினைத்தேன். வாகைநேரித் தயிர்ச்சோற்றை வாங்கிச் சாப்பிட்டேன். குடிக்கத் தண்ணீர் கேட்டபோது ஒரு வாய் வைத்துவிட்டுக் கீழே வைக்க வேண்டியிருந்தது. அவ்வளவு உப்பு.

"சுத்திகரிக்கிற மிஷின் இல்லையா தலைவரே?"

"இருக்கு மேடம். அதுக்கு ஒரு சின்ன சூரியத் தகடும் பேட்டரியும் உண்டு. எல்லாருக்கும் பத்தாது, பிள்ளைகளுக்கு மட்டும் ஊத்துவோம். இப்ப அந்த பேட்டரிலதான் பெட்டி ஓடுது."

கை கழுவப் பின்கட்டுக்குப் போனேன். செத்தவரின் மகள் செண்பகவடிவு அங்கே தனியாக நின்றிருந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். எனக்குத் தண்ணீர் மொண்டு ஊற்றினாள். சொம்பை வைத்த பிறகும் போகாமல் நின்றாள்.

"மேடம், நீங்கதான மூக்குக்கு ஆபீசரு?"

"ஆபீசர் எல்லாம் இல்லம்மா. ரிப்பேர் பாக்குறவ."

"எந்தம்பி வரமாட்டான் மேடம்."

"யாரு, மஸ்கட்ல இருக்கிறவரா?"

"அன்னைக்கே போன்ல சொல்லிட்டான். மொதலாளி லீவு குடுக்கல. நீயே கொள்ளி வையி, நான் இங்கன இருந்து பாத்துக்கிடுதேன்னு அழுதான். தலைவர் சித்தப்பாதான் அத யாருட்டயும் சொல்லாதன்னு என் வாய அடைச்சு வச்சிருக்காரு. மயானம் மூக்குக்கு மேக்க இருக்கு, காத்து இந்தப் பக்கமா அடிக்கி, எரிச்சா பொகை நேரா மூக்குல வந்து ஏறும்னு சொல்லுதாரு. வாரம் முடியட்டுங்காரு." அவள் குரல் உயரவே இல்லை. அதுதான் கேட்கக் கஷ்டமாக இருந்தது. "சாயங்காலம் பேட்டரி எறங்கிருது மேடம். கரெண்டு வாரதுக்குள்ள பெட்டி சூடாயிருது. நேத்து எங்கப்பா கையப் பாத்தேன். நெறம் மாறிட்டு. இன்னும் எத்தன நாளைக்கு அவர இப்படிப் போட்டு வைக்கப் போறாவ?"

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம்தான் ரொம்பத் தொந்தரவு. அங்கேயே நின்று ஜெபசிங்குக்குப் போன் போட்டேன்.

"சார், மூக்கு சரியா இருக்கு. ஊர்ல ஒரு சாவு. அடுப்பு எரியல, அதான் சைபர்."

"அப்ப புகை நிஜமாவே இல்ல?"

"இல்ல சார். ஆனா பிணத்தை எரிச்சா ஏறும்னு எடுக்காம வச்சிருக்காங்க. தீ விபத்து நடந்தா அதை அசாதாரண நிகழ்வுன்னு கணக்குலேர்ந்து விலக்குறோம்ல? அதுல சாவையும் சேர்க்க முடியுமான்னு..."

"சாவு எப்படிம்மா அசாதாரணம் ஆகும்? எல்லா ஊர்லயும்தானே சாகுறாங்க."

"சார், அந்தப் பொண்ணு..."

"வேணி, எனக்கும் அப்பா அம்மா இருந்தாங்க. புரியாம இல்ல. ஆனா விதிக்கு ஒரு வாசகத்தைச் சேர்க்கணும்னா உலகக் குழு கூடணும். அவங்க அடுத்த மூணு வருஷத்துக்கு நிகழ்ச்சி நிரல் போட்டு முடிச்சுட்டாங்க. இந்த எண் கெட்டா நம்ம ஊர் பனியனை எவனும் வாங்க மாட்டான், வரி போட்டே கொன்னுடுவான். திருப்பூரே படுத்துரும். அதுக்கு நாம என்னம்மா பண்ண முடியும்?"

போனை வைத்தேன். அந்த மனிதர் கெட்டவர் இல்லை. அவருக்கு மேலே இருப்பவரும் கெட்டவர் இல்லை. அப்படியே மேலே மேலே போய் யாரைப் பிடித்து உலுக்கினாலும் எல்லோரும் நல்லவர்களாகத்தான் இருப்பார்கள் என்று நினைத்தபோது சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல் இருந்தது.

அப்போதுதான் எனக்கு ஒரு வழி தோன்றியது. மூக்கைக் கழற்றிச் சுத்தம் செய்ய எனக்கு அதிகாரம் உண்டு. அரை நாள் வரைக்கும் கழற்றி வைக்கலாம். அந்த நேரம் கணக்கில் சேராது, அளவு விடுபட்டுப்போனதாகக் குறையும் சொல்லமாட்டார்கள். வடிவிடம் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேருமாகப் பால்வண்ணத்தைத் தேடிக்கொண்டு முன்வாசலுக்கு வந்தோம்.

அங்கே ஒரு வேன் வந்து நின்றிருந்தது. பெட்டிக்காரர் லூர்து தலைவரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு எடுத்திருவோம் நாளைக்கு எடுத்திருவோம்னே சொல்லுதீய. டவுன்ல ரெண்டு வீட்டுல பெட்டி கேட்டு நிக்காவ அண்ணாச்சி. நான் என்னத்தச் சொல்ல?"

"வாரம் முடியட்டும் லூர்து. கூட வாங்கிக்கிடும், போம்."

லூர்து தலையில் அடித்துக்கொண்டு வேனில் ஏறினார். நான் தலைவரைப் பந்தலுக்கு வெளியே அழைத்துப்போய் நல்ல செய்தி சொல்கிற குரலில் சொன்னேன்.

"தலைவரே, இன்னைக்கு மத்தியானம் மூக்கைக் கழற்றிடுறேன். சுத்தம் பண்ண. இருட்டுற வரைக்கும் அது எதையும் முகராது. நீங்க தாராளமா எடுத்து எரிக்கலாம். தம்பி வரலைங்கறது எனக்குத் தெரியும். வடிவே கொள்ளி வைக்கட்டும்."

அவர் முகம் மலரும் என்று எதிர்பார்த்தேன். மலரவில்லை. துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"வேண்டாம் மேடம்."

"ஏன்? புகைக்குத்தானே பயப்படுறீங்க?"

"சிதைப் பொகைக்கு இல்ல மேடம். அது ஒரு பொழுதுப் பொகை, பாத்துக்கிடலாம்." அவர் பந்தலைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அண்ணாச்சிய எடுத்துட்டோம்னா, சாயங்காலமே எல்லா வீட்டுலயும் அடுப்பு பத்திரும்."

எனக்கு விளங்க ஒரு கணம் ஆயிற்று. அண்ணாச்சி வீட்டில் கிடக்கிற வரைக்கும்தான் ஊருக்குச் சைபர்.

"போன வருஷம் ஒவ்வொரு வீடாப் போயி கும்பிட்டேன். ஒரு வாரம் பல்லக் கடிச்சுக்கிடுங்கன்னு. முடியல மேடம். சின்னப் பிள்ளைக்குப் பால் காய்ச்சணும், சீக்காளிக்குக் கஞ்சி வைக்கணும், யார என்ன சொல்ல? சர்க்கார் குடுத்த மின்னடுப்பு எல்லா வீட்டுலயும் இருக்கு. பகல்ல கரெண்டு இல்ல. மஞ்சள்ல இருந்தா பகல்ல கரெண்டு கெடையாது. கரெண்டு இல்லன்னா விறகுலதான் பொங்கணும். விறகுல பொங்குனா மஞ்சளு. நீங்க படிச்சவிய. நான் எந்தப் பக்கமா ஏறி வெளிய வர, சொல்லுங்க."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"இந்த வருஷமும் அப்படித்தான் போவும்னு நெனச்சேன். அன்னைக்கு விடியக்காலம் அண்ணாச்சி போனாரு. சாயங்காலம் பாக்கேன், கம்பத்து போர்டுல சைபரு. நான் சொல்லிக் கேக்காத ஊரு, அவரு செத்துக் கெடந்ததும் கேட்டுட்டு. மறுநாளும் சைபரு. உப்புத் தண்ணியக் குடிச்சு எம்பேரனுக்கு எட்டு வயசுல கிட்னில கல்லு. பச்சையாச்சுன்னா மிஷினு பகல் பூரா ஓடும் மேடம். ஊரே குடிக்கும்." அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. "எங்க அண்ணாச்சி நல்லவருதான். ஆனா உசுரோட இருந்த காலத்துல ஊருக்குன்னு ஒரு துரும்பக் கிள்ளிப் போட்டதில்ல. இப்பச் செய்யுதாரு. செஞ்சுட்டுப் போகட்டுமே. இன்னும் கொஞ்ச நாளுதான."

பின்னால் ஏதோ அசைந்தது. வடிவு எங்கள் பின்னாலேயே வந்திருக்கிறாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள்.

சித்தப்பாவை ஏறெடுத்துப் பார்த்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் திரும்பி வீட்டுக்குள் போனாள். அப்பா படுத்திருந்த பெட்டியைத் தாண்டி, பெண்களைத் தாண்டி, பின்கட்டுக்குப் போவது தெரிந்தது.

கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து ஒரு கிழவியின் அலறல் கேட்டது.

"ஏட்டி, என்னட்டி செய்யுத? பொணம் உள்ள கெடக்கையில அடுப்புல நெருப்பு வைக்காளே! ஏளா, யாராவது புடிங்களேன்!"

ஓடினேன். பின்கட்டு அடுப்பில் காய்ந்த பனையோலை திகுதிகுவென்று எரிந்துகொண்டிருந்தது. வடிவு குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஊதுகுழலால் ஊதிக்கொண்டிருந்தாள். அடுப்பின் மேல் ஒரு சட்டியில் தண்ணீர். பெண்கள் வாசற்படியில் முட்டிக்கொண்டு நின்றார்களே தவிர ஒருத்தியும் உள்ளே வரவில்லை. அந்த நெருப்பைத் தொடவும் பயம், அணைக்கவும் பயம்.

"வடிவு, பாவம்ளா அது" என்றாள் கிழவி.

"பத்த வச்சாச்சு ஆச்சி. பிணம் கெடக்கையிலயே இந்த ஊர்ல அடுப்பு எரிஞ்சாச்சு. இனிமே அடுப்புக்காக எங்கப்பாவ யாரும் வச்சிருக்க வேண்டாம்." புகையில் அவள் கண்ணிலிருந்து தண்ணீராகக் கொட்டியது. "பாவம் எனக்குத்தான? நான் சுமந்துக்கிடுதேன்."

புகை கூரையைத் தாண்டி எழுந்தது. என் கையில் இருந்த கருவி ஒருமுறை அதிர்ந்தது. சைபர் மறைந்து எண் ஏறத் தொடங்கியது. சோதனை முறைக்கு மாற்றும் பொத்தான் என் கட்டைவிரலுக்குக் கீழேதான் இருந்தது. ஒரு தட்டுத் தட்டினால் போதும், அந்தப் புகை நாட்டுக்குத் தெரியாமலே போயிருக்கும். நான் தட்டவில்லை. இந்த நாட்டில் எழுந்த எந்தப் புகையாவது கணக்கில் ஏற வேண்டும் என்றால் அது இதுதான் என்று எனக்கு அந்த நேரத்தில் தோன்றியது.

அவள் கருப்பட்டியைத் தட்டிப் போட்டுக் காப்பி வைத்தாள். ஒரு தம்ளரைக் கொண்டுபோய் அப்பாவின் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள். மிச்சத்தை இன்னொரு தம்ளரில் ஊற்றிப் பந்தலுக்குக் கொண்டுவந்தாள். பால்வண்ணம் தரையில் உட்கார்ந்திருந்தார்.

"குடிங்க சித்தப்பா. நீங்களும் சூடா ஏதாவது குடிச்சு நாளாச்சு."

அவர் தம்ளரை வாங்கிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். அண்ணன் செத்ததற்கு அவர் அழுதது அப்போதுதான் என்று பிறகு சொன்னார்கள்.

மத்தியானமே எடுத்தோம். வடிவுதான் கொள்ளி வைத்தாள், யாரும் தடுக்கவில்லை. காற்று மேற்கிலிருந்து வந்தது. சொரிமுத்து எண்ணாக மாறி மூக்கில் ஏறுவதைக் கருவியில் பார்த்துக்கொண்டு நின்றேன். பொழுது சாய்வதற்குள் ஊரில் எல்லா வீட்டுக் கூரையிலும் புகை. நான் மூக்கு சரியாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டுத் திரும்பினேன்.

ஊர் மஞ்சளிலேயே கிடக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். இல்லை. முதல் நாட்களின் சைபர்கள் பின்னால் வந்த புகையையெல்லாம் விழுங்கி, வாரத்துச் சராசரி கோட்டுக்குக் கீழே மயிரிழையில் நின்றுவிட்டது. சுக்காங்குறிச்சி பச்சை ஆயிற்று. சோறு பொங்கிப் போட்ட வாகைநேரி சிவப்பு ஆயிற்று. வடிவு குடியிருக்கிற ஊர் அது.

ஜெபசிங்கிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு பிணத்தை வைத்து ஒரு ஊர் பச்சை வாங்கியிருக்கிறது சார், இது அளவா என்று கேட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சைபர் காட்டுன நாள்ல புகை இருந்துச்சா, இல்லையா?" என்றார். இல்லை என்றேன். "அப்புறம் என்ன?" என்றார்.

இதில் எனக்கு இன்னும் ஆறாத எரிச்சல் என்னவென்றால், திட்டம் பலித்துவிட்டது. பகலில் மின்சாரம் வந்ததும் சுக்காங்குறிச்சிப் பெண்கள் பரணிலிருந்து மின்னடுப்பை இறக்கிவிட்டார்கள். தண்ணீர் மிஷின் பகல் முழுக்க ஓடுகிறது. பேரன் குழாயடியில் தண்ணீர் குடிக்கிற படத்தைப் பால்வண்ணம் எனக்கு அனுப்பினார். பையன் கன்னம் உப்பியிருந்தது. அந்தப் படத்தைப் பார்த்துச் சந்தோஷப்படவும் முடியவில்லை, படாமல் இருக்கவும் முடியவில்லை.

இந்த மாசியில் அளவை வாரம் தொடங்கிய மறுநாள் ஜெபசிங் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். முகமெல்லாம் சிரிப்பு. சுவர் அகலத்துக்கு இருந்த திரையில் எங்கள் மாவட்டத்து ஊர்கள் வரிசையாகத் தெரிந்தன. வாகைநேரி சைபர். அதற்கு அடுத்த ஊர் சைபர். அதற்கும் அடுத்தது சைபர். அந்த மூலையிலிருந்து இந்த மூலை வரைக்கும், நேற்றுவரை விறகைத் தவிர வேறொன்றும் அறியாத ஊர்களெல்லாம் சுத்தமாகத் துடைத்து வைத்த மாதிரி இருந்தன.

"பாத்தியா வேணி? நீதான் எப்பப் பார்த்தாலும் குறை சொல்லுவ. ஜனங்க மாறிட்டாங்கம்மா. அமைச்சரே போன் பண்ணிட்டாரு. தேச எண் இவ்வளவு நல்லா வந்ததே இல்லையாம்."

"மூக்கு எதுவும் கெட்டுப்போயிருக்குமோன்னு பாக்க வேண்டாமா சார்?"

"இத்தனையும் ஒண்ணாவா கெடும்?"

நான் வெளியே வந்தேன். தாழ்வாரத்தில் நின்று, சிவப்பு எழுத்தில் பார்த்து மனதில் பதிந்துபோயிருந்த அந்த எண்ணுக்குப் போன் போட்டேன். உடனே எடுத்தார்.

"லூர்துவா? ஒரு குளிர்பெட்டி வேணும். கிடைக்குமா?"

"ஒண்ணுகூட இல்லீங்க. பூராவும் வெளிய போயிருக்கு. இந்த வாரம் மூச்சு விட நேரமில்ல." பின்னால் வேன் ஓடுகிற சத்தம் கேட்டது. "அவசரம் இல்லன்னா பேரச் சொல்லுங்க, அடுத்த வருஷத்துக்குக் குறிச்சு வச்சிருதேன். இப்பல்லாம் உசுரோட இருக்கும்போதே சொல்லி வச்சுருதாவ. உங்க வீட்டுல யாருக்கு முடியாம இருக்கு?"